மாடனுக்கு விட்ட சேவல்

குற்றாலம், ஐந்தருவிப் பாதை,
14-1-1942.

சிரஞ்சீவி தம்பி நம்பிராஜனுக்கு மதினி ஆவுடைத்தாய் ஆசீர்வாதம். நான் இங்கே சுகம். கல்கத்தாக் குளிர் உன் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்கிறதா, வெந்நீரில் குளிக்கிறாயா என்று எழுது.

உன் கடிதம் வந்தது. ‘சௌபாக்கியவதி மதினி அவர்கள் சமூகத்துக்கு’ என்று நீ நீட்டி முழக்கியிருந்ததைப் பக்கத்து வீட்டு ஹாஜரா பீவிக்குப் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். கோழி எச்சம் வழிக்கிற கைக்கு இவ்வளவு பெரிய பட்டமா? புருஷன் உள்ளவளுக்கு அப்படித்தான் எழுதவேண்டும் என்று நீ சொல்வாய். சரி, எழுது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

இன்று பொங்கல். ஒரு பிடி அரிசி போட்டுப் பொங்கினேன். உன் அண்ணனிடமிருந்து ஐப்பசிக்குப் பிறகு கடிதம் இல்லை. ரங்கூனில் குண்டு போட்டார்கள் என்று தென்காசிக்குப் போய்வருகிறவர்கள் சொல்கிறார்கள். அவர் வேலை பார்க்கிற அரிசி ஆலை ஆற்றங்கரையில் இருக்கிறது. குண்டு ஆற்றங்கரையில் விழுந்ததா ஊருக்குள் விழுந்ததா என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. ஹாஜரா பீவியின் வீட்டுக்காரர் மைதீன் அண்ணாச்சியும் அதே ஆலையில்தானே இருக்கிறார். அவளுக்கும் கடிதம் இல்லை. தபால்காரர் வருகிற நேரத்துக்கு நாங்கள் இருவரும் ஆளுக்கொரு வேலையை வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறோம்.

இரண்டு சேதி உண்டு. கோழிகளில் கறுப்பியை வெருகு கொண்டுபோய்விட்டது. இந்தக் காட்டுப்பூனைக்கு மலை முழுக்க இரை கிடக்கிறது, ஆனாலும் என் வீட்டுப் பின்கட்டுதான் ருசி. கோழிகளைக் கவிழ்த்து மூடுகிற பஞ்சாரத்தில் மூங்கில் விலா ஒடிந்த பக்கமாகக் கையை விட்டு இழுத்திருக்கிறது. வேறு பஞ்சாரம் வாங்கவேண்டியதுதானே என்பாய். போன தடவை ஊருக்கு வந்தபோது உன் அண்ணன் தன் கையால் முடைந்தது அது. கோணல்மாணலாகத்தான் இருக்கிறது. தூக்கிப்போட எனக்கு மனசு வரவில்லை. ஓட்டைக்கு நேரே கல் வைத்திருக்கிறேன். சிதறிக் கிடந்ததையெல்லாம் பொறுக்கி முருங்கை மரத்து மூட்டில் குழி வெட்டிப் புதைத்தேன். “ஏட்டி, கோழியக்கூடவா மய்யித்து மாதிரி அடக்குவ?” என்று ஹாஜரா பீவி கேட்டாள். எறும்பு மொய்க்க விட்டுவிட்டு எப்படி நான் சோறு தின்பது?

மற்றது, செஞ்சேவலை மாடனுக்கு நேர்ந்து விட்டுவிட்டேன். மருதமரத்தடியில் அவன் கோயிலுக்குக் கொண்டுபோய், காலில் மஞ்சள் துணி கட்டி, ‘அவர் என் வீட்டுப் படி ஏறின அன்றைக்கு இது உனக்கு’ என்று சொல்லி இறக்கிவிட்டேன். இனி அது என் சேவல் இல்லை. விற்கக்கூடாது, அறுக்கக்கூடாது, அடைக்கவும் கூடாது. இஷ்டம்போல மேய்ந்துவிட்டுப் பலாமரத்தில் அடைகிறது.

துறைமுகத்தில் விசாரி. நேரத்துக்குச் சாப்பிடு.

மதினி ஆவுடைத்தாய்.


கல்கத்தா,
2-2-1942.

சௌபாக்கியவதி மதினி ஆவுடைத்தாய் அவர்கள் சமூகத்துக்கு நம்பிராஜன் அநேக நமஸ்காரம். இவ்விடம் க்ஷேமம். தங்கள் க்ஷேமத்துக்குத் தவறாமல் எழுதவேண்டும். தாங்கள் பரிகாசம் செய்தாலும் கடிதத்தின் முதல் வரியை நான் மாற்றுவதாக இல்லை. அதற்கென்று ஒரு முறை இருக்கிறது.

ரங்கூனிலிருந்து கப்பல்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஆபீஸ் விட்டதும் தினமும் துறைமுகத்துக்குப் போகிறேன். இறங்குகிற கூட்டத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. தையல் மிஷினைத் தலையில் சுமந்துகொண்டு ஒருவர் இறங்கினார், மற்றக் கையில் ஒன்றுமே இல்லை. “தென்காசிப் பக்கத்து ஆள் யாரும் உண்டுமா?” என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். செங்கோட்டைக்காரர் ஒருவர் அகப்பட்டார். ஆலை ஓடவில்லை என்றும் ஆட்கள் உயிரோடு இருப்பதாகவும் சொன்னார். ஆகவே தைரியமாக இருங்கள். அண்ணனுக்குக் கப்பலில் இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

வெருகு ஒரு தடவை ருசி கண்டால் விடாது. பஞ்சாரத்தின்மேல் அம்மியை ஏற்றி வையுங்கள். அண்ணனுக்குச் சுவரில் ஆணி அடிக்கவே வராது, அவர் முடைந்த பஞ்சாரத்தை நம்பிக் கோழி வளர்ப்பது தாங்கள் ஒருவர்தான். சேவலையும் சேர்த்து அடைப்பது நல்லது. அண்ணன் வரும்போது மாடனுக்குக் கொடுக்க அது இருக்கவேண்டாமா? காவலில் வைத்தால் தெய்வம் கோபிக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடிக்கடி எழுதக் கோரும்,
நம்பிராஜன்.


குற்றாலம்,
26-2-1942.

சிரஞ்சீவி தம்பிக்கு மதினி ஆசீர்வாதம். எனக்கு இரண்டு நாள் காய்ச்சல் இருந்து தெளிந்துவிட்டது. நீ கூட்டத்துக்குள் நின்று நோயை வாங்கிக்கொள்ளாதே.

ஆட்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்ற வரியை மட்டும் ஹாஜரா பீவி என்னை மறுபடி மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டாள். எனக்கும் படிக்க அலுக்கவில்லை.

நீ கல்கத்தாவுக்குப் போய் நம் ஊர் வழக்கத்தையெல்லாம் மறந்துவிட்டாய். மாடனுக்கு விட்ட உயிரை மடக்கினால், ‘கொடுத்ததை எடுத்துக்கொண்டேன்’ என்று அவனிடம் சொல்வதாகத்தானே அர்த்தம்? அது வெளியே கிடக்கிற வரைக்கும்தான் அவன் என்னிடம் கடன்பட்டிருக்கிறான். காவல் அவன் பொறுப்பு. நான் அடைக்கமாட்டேன், இதைப்பற்றி இனி எழுதாதே.

புள்ளிச்சி பொரித்த குஞ்சுகள் எல்லாம் போய்விட்டன. பருந்து பட்டப்பகலில் வந்து, நான் களைந்த அரிசியோடு பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடித்துத் தூக்கிற்று. முந்தின நாள் கீரி தின்றது போக மிஞ்சினவை அவை. தாய்க்கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு வெறுமனே ஓடிற்று. அப்புறம் பழையபடி குப்பையைச் சீய்த்துக் கொக்கொக்கென்று குஞ்சுகளைக் கூப்பிட்டது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை, கல்லைத் தூக்கி எறிந்து அதை விரட்டிவிட்டேன். பிறகு நானே போய்ப் பிடித்துவந்து மடியில் வைத்துக்கொண்டேன்.

சேவல் பலாமரத்தில் பத்திரமாக இருக்கிறது. அடைத்தது போகிறது, அடைக்காதது நிற்கிறது, பார்த்தாயா? மாடனுக்குக் கண் இருக்கிறது.

கப்பல் வருகிற நாளில் பசியோடு போய் நிற்காதே.

மதினி ஆவுடைத்தாய்.


கல்கத்தா,
10-4-1942.

சௌபாக்கியவதி மதினி அவர்கள் சமூகத்துக்கு நம்பிராஜன் அநேக நமஸ்காரம். தங்களுக்குக் காய்ச்சல் திரும்பவில்லையே? கொயினா மாத்திரையை நிறுத்தவேண்டாம்.

ரங்கூன் விழுந்த செய்தி தங்களுக்கு எட்டியிருக்கும். கப்பல் நின்றுவிட்டது. ஜனங்கள் மலை வழியாக நடந்து வருகிறார்கள். பயப்படாதீர்கள், நல்ல செய்தியோடுதான் எழுதுகிறேன். சியால்தா ஸ்டேஷனில் கடையநல்லூர்க்காரர் ஒருவரைச் சந்தித்தேன். புரோம் என்ற ஊரில் அண்ணனையும் மைதீனையும் தன் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்தார். இருவரும் தலையில் மூட்டையோடு மலைப்பாதைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்களாம். “சிவனணைஞ்சபெருமாள்தான? நம்ம ஊர் அருவில குளிச்சாத்தான் இந்தப் புழுதி போகும்னு சொல்லிக்கிட்டு நின்னாரு” என்றார். பேச்சு அண்ணன் பேச்சுதான். எனக்குச் சந்தேகமே இல்லை.

மலையைத் தாண்டினால் கடற்கரை, அங்கிருந்து படகு, பிறகு ரயில். எந்த ரயிலில் வருவார் என்று தெரியாததால் எல்லா ரயிலுக்கும் போகிறேன். மேலதிகாரி முறைக்கிறார். முறைக்கட்டும்.

மாடன் விஷயத்தில் இனி நான் வாய் திறக்கவில்லை.

நல்ல சேதி எழுதக் காத்திருக்கும்,
நம்பிராஜன்.


குற்றாலம்,
5-5-1942.

சிரஞ்சீவி தம்பிக்கு மதினி ஆசீர்வாதம். நான் சுகம். இப்படி ஒரு சுகம் எத்தனையோ மாதமாக இல்லை. உன் வாயில் சர்க்கரை போடவேண்டும்.

வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டேன். உன் அண்ணன் வேட்டிகளைச் சலவை செய்து, அந்துருண்டை வாடை போக வெயிலில் விரித்தேன். நடந்து வருகிறவர் கால் எப்படி இருக்குமோ என்று வேப்பெண்ணெய் காய்ச்சிக் குப்பியில் வைத்திருக்கிறேன். ஹாஜரா பீவி அவள் வீட்டுக்காரருக்குப் பிடிக்கும் என்று மீன் கருவாடு வாங்கி உறி நிறையக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். தெருவே நாறுகிறது. “ஒங்க வீட்டு ஆளு வருதாரோ இல்லையோ, ஊர்ப் பூனையெல்லாம் வந்துட்டு, அக்கா” என்றேன். இருவரும் சிரித்துவிட்டு, அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டோம்.

இதற்கு நடுவில் வெள்ளச்சியை மரநாய் கொண்டுபோய்விட்டது. வெருகுக்குப் பயந்து அதைச் சமையல் கட்டில் கூடையில் வைத்திருந்தேன். இது கூரை ஓட்டைப் பிரித்துக்கொண்டு மேலேயிருந்து இறங்கியிருக்கிறது. தலையை மட்டும் தின்றுவிட்டு உடம்பைப் போட்டுவிட்டுப் போயிருந்தது. அதையும் முருங்கை மூட்டில் அடக்கினேன். ஆனால் முன்போல் வருத்தமில்லை. உன்னிடம் சொல்கிறேன், சிரிக்காதே: அங்கே மலையில் அவருக்கு வருகிற ஆபத்தெல்லாம் இங்கே கோழிகளின்மேல் இறங்குகிறது என்று நினைக்கிறேன். போகட்டும். மிச்சமிருக்கிற புள்ளிச்சியும் சாம்பலியும் போனாலும் போகட்டும். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அவரை விட்டுவிடட்டும்.

புள்ளிச்சி மறுபடி அடை கிடக்கிறது. அவர் வரும்போது முற்றத்தில் குஞ்சுகள் ஓடவேண்டும்.

அவர் ரயில் இறங்கினதும் தந்தி அடி. வெறும் ‘வந்தார்’ என்று இருந்தால் போதும்.

மதினி ஆவுடைத்தாய்.


கல்கத்தா,
20-6-1942.

அன்புள்ள மதினிக்கு நம்பிராஜன் நமஸ்காரம். நான் சௌக்கியம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மைதீன் வந்து சேர்ந்தார். சிட்டகாங்கில் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்திருக்கிறார். எலும்பும் தோலுமாக இருக்கிறார். இரண்டு நாள் என் அறையில் வைத்திருந்து ரயில் ஏற்றிவிட்டேன். இந்தக் கடிதத்துக்கு முன்பே அவர் ஊர் வந்திருக்கலாம். மிகவும் பலவீனமாக இருப்பதால் அவரிடம் அதிகம் கேட்கவேண்டாம். ஹாஜரா பீவிக்கும் சொல்லுங்கள்.

அண்ணனைப்பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

அடைக்கோழியைத் தரையில் வைக்கவேண்டாம். உறியில் பழைய கூடையைக் கட்டி வைக்கோல் போட்டு வைத்தால் எதுவும் எட்டாது. மேலே ஓடு தளர்ந்திருந்தால் ஆள் வைத்து மாற்றிவிடுங்கள். மழைக்காலம் வருகிறது.

நம்பிராஜன்.


குற்றாலம்,
12-7-1942.

சிரஞ்சீவி தம்பிக்கு மதினி ஆசீர்வாதம். சாரல் விழுந்துகொண்டே இருக்கிறது. அருவியில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் வீட்டுக்குள் கேட்கிறது. சண்டைக்காலத்திலும் சீசனுக்கு ஜனம் வந்துகொண்டுதான் இருக்கிறது. எனக்குச் சளி, வேறொன்றுமில்லை.

இந்தத் தடவை பட்டம் ஒன்றும் இல்லாமல் மொட்டையாக எழுதியிருந்தாய். கல்கத்தாவில் மைக்குத் தட்டுப்பாடா?

மைதீன் அண்ணாச்சி வந்தார். ஹாஜரா பீவி வேலிக்கு அந்தப் பக்கம் அழுத அழுகையில் நான்தான் முதலில் ஓடினேன். அவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. மறுநாள் அவராகவே நம் வீட்டு முற்றத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. காப்பி கொடுத்தேன், கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

“அண்ணாச்சி, அவுக எங்க?”

“கூட்டத்துல பிரிஞ்சு போயிட்டோம், தங்கச்சி. பின்னால வருவாரு.”

“எவ்வளவு பின்னால?”

அப்போது செஞ்சேவல் அவர் காலடிக்கு வந்து கொத்திற்று. “கால்ல என்ன மஞ்சத் துணி?” என்று கேட்டார். “மாடனுக்கு விட்டது. அவுக படியேறுத அன்னைக்கு அறுக்கணும்” என்றேன். அவர் சேவலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, காப்பியை அப்படியே படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பலவீனம்தான் என்று நீயும் எழுதியிருந்தாயே.

அன்றிலிருந்து ஹாஜரா பீவி வேலிப் பக்கம் வருவதில்லை. புருஷன் வந்த சந்தோஷத்தை என் முன்னால் காட்டக் கூச்சப்படுகிறாளாக்கும். எனக்குப் பொறாமை இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். இருக்கிறது. கருவாட்டு வாடை வரும்போதெல்லாம் இருக்கிறது.

புள்ளிச்சியின் முந்தின அடை முட்டைகள் கூழாகிவிட்டன. மறுபடி அடை வைத்து, நீ சொன்னபடி உறியில் கட்டி வைத்தேன். கயிறு வழியாக ஏறி வந்திருக்கிறது வெருகு. கோழி போயிற்று, முட்டைகள் கீழே விழுந்து உடைந்து கிடந்தன. உள்ளே குஞ்சு உருவாகியிருந்தது. எல்லாவற்றையும் முருங்கை மூட்டில் புதைத்தேன். நீ ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு யோசனை சொல்கிறாய், இங்கே அந்த மிருகத்துக்கு உன்னைவிடப் புத்தி இருக்கிறது.

பின்னால் வருகிறார் என்றால் இன்னும் எத்தனை ரயில் பாக்கி? எனக்குத் தெளிவாக எழுது.

மதினி ஆவுடைத்தாய்.


குற்றாலம்,
3-9-1942.

சிரஞ்சீவி தம்பிக்கு மதினி ஆசீர்வாதம். உன் சுகம் தெரியாமல் கவலையாக இருக்கிறது.

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. காந்தியைப் பிடித்ததிலிருந்து வடக்கே தண்டவாளத்தைப் பெயர்க்கிறார்கள், தபால் பையைக் கொளுத்துகிறார்கள் என்று தபால்காரர் சொல்கிறார். அதனால்தான் தாமதம் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

சாம்பலியும் போய்விட்டது. பஞ்சாரத்தின்மேல் அம்மி இருந்தது, ஓட்டைக்கு நேரே கல் இருந்தது. கல்லைத் தள்ளிவிட்டுக் கொண்டுபோயிருக்கிறது. காலையில் பஞ்சாரத்தைத் தூக்கினால் உள்ளே எச்சமும் ஓர் இறகும்தான். புதைக்க ஒன்றுமில்லை, அந்த இறகைப் புதைத்தேன். இனிப் போவதற்குக் கோழி இல்லை. சேவல் மட்டும் தனியாகக் குப்பையைச் சீய்த்து, ஒரு புழு அகப்பட்டால் பெட்டைகளைக் கூப்பிடுகிறது. வர யாரும் இல்லை என்று தெரிந்து கடைசியில் தானே தின்கிறது.

எல்லாவற்றையும் எடுத்துக்கொள் என்று நான்தானே சொன்னேன். மாடன் எடுத்துக்கொண்டான். அவரைத்தான் இன்னும் காணோம்.

தம்பி, நீ விவரம் ஒன்றும் எழுதாவிட்டாலும் போகிறது. அடுத்த கடிதத்தில் முதல் வரியை மட்டும் பழையபடி ஒழுங்காக எழுது. எனக்கு அது போதும்.

மதினி ஆவுடைத்தாய்.


கல்கத்தா,
19-10-1942.

மதினி அவர்களுக்கு நம்பிராஜன் நமஸ்காரம். உங்கள் இரண்டு கடிதமும் கிடைத்தன. தபால் தாமதம் உண்மைதான், ஆனால் என் பேரிலும் தாமதம் உண்டு. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

கோழிகள் போனதுபற்றி மிகவும் வருந்துகிறேன். இங்கே என்னோடு வேலை பார்க்கிற வங்காளி ஒருவர் கோழி வளர்க்கிறார். அவரிடம் கேட்டேன். கூட்டை இடுப்பளவு உயரத்தில் கால் நட்டு அமைத்து, கால்களுக்குத் தகரம் சுற்றிவிட்டால் வெருகோ மரநாயோ ஏற முடியாதாம். தகரம் வழுக்கும். கதவுக்கு உள்தாழ் கூடாது, வெளியே கொண்டி வேண்டும். பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் அளவுக்குக்கூட இடைவெளி விடக்கூடாது. சுற்றிலும் முள்ளை வெட்டிப் போடவேண்டும். தை மாதத்தில் புதிதாக இரண்டு பெட்டைகள் வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளை வேண்டாம், தூரத்திலிருந்தே கண்ணில் படும். செம்பழுப்பு நல்லது.

நீங்கள் அந்த வீட்டில் தனியாக இருக்கவேண்டாம். இலஞ்சியில் உங்கள் தமையனார் வீட்டில் கொஞ்ச நாள் போய் இருங்கள். அவருக்கும் எழுதியிருக்கிறேன். எனக்கு லீவு மறுத்துவிட்டார்கள். எப்படியாவது தை பிறப்பதற்குள் வரப்பார்க்கிறேன்.

அந்தச் சேவலையாவது கூட்டில் அடையுங்கள். இனி அதை அடைத்தால் குற்றம் ஒன்றும் இல்லை.

நம்பிராஜன்.


குற்றாலம்,
18-12-1942.

சிரஞ்சீவி தம்பிக்கு மதினி ஆசீர்வாதம். நான் இருக்கிறேன். நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று உன் எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

உன் கடிதத்துக்குப் பதில் எழுத இவ்வளவு நாள் ஆயிற்று. கடைசி வரியைப் படித்துவிட்டு மைதீன் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். ஹாஜரா பீவி என்னைப் பார்த்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

“சேவல அடைக்கலாம்னு நம்பிராஜன் எழுதியிருக்கான், அண்ணாச்சி. அடைக்கட்டுமா?” என்று கேட்டேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, “அடைச்சிரு, தங்கச்சி” என்றார்.

அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார். “மலை ஏறுத பாதையில அவருக்கு வாந்தி பேதி கண்டுட்டு. தண்ணி தண்ணின்னாரு. தண்ணி கெடக்குத எடம் ரொம்பக் கீழ. நான் எறங்கிப் போயி ஏந்திக்கிட்டு வாறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. வாய நனைக்கக்கூட என்னால முடியல. நின்னா பின்னால வாற கூட்டம் மிதிச்சிட்டுப் போயிரும். குழி தோண்ட கையில ஒண்ணுமில்ல. எலையப் பறிச்சு மேல போட்டுட்டு வந்துட்டேன். தம்பிகிட்ட கல்கத்தாவுலயே சொல்லிட்டேன். ஒன்கிட்டச் சொல்லத்தான் நாக்கு எழும்பல.”

“அந்த மலையில நரி உண்டா, அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

அவர் அழுதார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

தம்பி, இங்கே போன ஒவ்வொரு கோழிக்கும் நான் குழி வெட்டியிருக்கிறேன். கடைசியில் ஓர் இறகுக்குக்கூட வெட்டினேன். முருங்கை மூட்டைப் பார்க்கும்போதெல்லாம் அதுதான் நெஞ்சை அறுக்கிறது. வேறு எதையும் இதைவிட அதிகமாகச் சொல்ல எனக்கு வராது.

உன்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனி மாதக் கடிதத்தைப் பிரித்ததும் முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மைக்குத் தட்டுப்பாடா என்று கேட்டேனே, அது பரிகாசம் இல்லை, பயம். பழைய கடிதங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவசரத்தில் விட்டிருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புரட்டாசி முழுக்க அந்த ஒரு வார்த்தைக்காகத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ பொய்யாகவாவது அதை எழுதியிருந்தால் நான் பிடித்துக்கொண்டிருப்பேன். உன்னால் முடியவில்லை. இல்லாத ஒன்றைச் சொல்லி என்னை அழைக்க உன் கை ஓடவில்லை. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோதே பொய் சொன்னால் உனக்கு விக்கல் வரும். அதனால்தான் சௌபாக்கியவதியை விட்டுவிட்டுத் தகரத்தையும் முள்ளையும்பற்றி எழுதினாய்.

இலஞ்சியிலிருந்து என் அண்ணன் வந்து, செய்யவேண்டியதைச் செய்துவிட்டுப் போனார். அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை. என்னைக் கூட வரச்சொன்னார். மார்கழி போகட்டும் என்றேன். ஹாஜரா பீவி இப்போது வேலியைத் தாண்டி வந்து உட்காருகிறாள்.

மாடன் கோயிலுக்குப் போகவில்லை. அவனுக்குக் கொடுக்க வேண்டியது ஒன்றும் இல்லை, அவனிடம் கேட்க வேண்டியதும் இல்லை. ஆனால் சேவல் இருக்கிறதே. அதை அறுக்க எனக்கு உரிமை இல்லை, விற்க வழியில்லை. நேற்று விறகு பொறுக்கிவிட்டு வந்தபோது பலாமரத்து அடியில் வெருகின் கால்தடம் கிடந்தது. மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. இத்தனை நாளும் அதன் காவல் மாடன் பொறுப்பு என்று இருந்தேன். இனி யார் பொறுப்பு?

வெளிச்சம் இருக்கும்போதே சேவலைப் பிடித்தேன். பிடிபட்டுப் பழக்கம் விட்டுப்போனதால் கையெல்லாம் கீறிவிட்டது. அதன் காலில் இருந்த மஞ்சள் துணியை அவிழ்த்து, உன் அண்ணன் முடைந்த பஞ்சாரத்தில் விலா ஒடிந்த இடத்தைச் சேர்த்துக் கட்டினேன். இறுக்கித்தான் கட்டினேன். பிறகு சேவலை உள்ளே விட்டுக் கவிழ்த்து, அம்மியைத் தூக்கி மேலே வைத்தேன்.

இன்று விடியற்காலையில் பஞ்சாரத்துக்குள் இருந்தபடியே கூவிற்று. நான் எழுந்து அதற்கு அரிசி போட்டேன்.

நீ லீவு கேட்டு யாரிடமும் கெஞ்சவேண்டாம். முடிந்தபோது வா. கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ, அங்கே பனி அதிகம் என்கிறார்கள். கடிதம் எழுது. இனி முதல் வரிக்காக நீ எழுத உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டாம்.

மதினி ஆவுடைத்தாய்.